பாடுகளும் பாட்டுகளும்

சினிமாவில் இயேசுவைத் தேடிக் கண்டுபிடிப்பதும் ஒரு வேலை என்றால் நம்ப மாட்டீர்கள். சிகந்திராபாத் லோத்குண்டாவில் ஒரு தமிழ்ச் சபைக்கு உபதேசியாராக இருக்கும் எனக்கு ஒரு வருஷம் அதுதான் வேலையாக இருந்தது. வாலிபர் கூட்டம் நடத்திப் பார்த்தவர்களுக்கு என் பயம் புரியும். எங்கள் பிள்ளைகள் ஒவ்வொருவராக பேகம்பேட் பக்கம் நடக்கும் ஆங்கிலக் கூட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். கமிட்டி செயலர் தன்ராஜ் அண்ணன், "அடுத்த ஈஸ்டர் வரைக்கும் பாப்போம். அப்பவும் ஹால் காலியா இருந்தா மூடிடலாம்" என்று சொல்லிவிட்டார். கூட்டத்தை மூடினால் அதற்கென்றே வைத்த உபதேசியார் வேண்டாம், அவர் குடும்பத்தோடு இருக்கும் சபை வீட்டையும் காலி செய்ய வேண்டியதுதான். எனக்கோ ஆங்கிலத்தில் ஜெபிக்கக்கூட வராது. அந்தப் பயத்தில்தான், ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஹாலில் ஏதாவது படத்தின் ஒரு காட்சியைப் போட்டு, அங்கிருந்து வேதத்துக்கு வருவது என்று ஆரம்பித்தேன்.

கை விரித்தவர்

முதல் வாரம் போட்ட தெலுங்குப் படத்தில் கதாநாயகன் மலை உச்சியில் ஏறி இரண்டு கைகளையும் விரித்து நிற்பான். அங்கேயே நிறுத்தி, "யார் ஞாபகம் வருது?" என்று கேட்டேன். கடைசியில் சிலுவையை நானே சொல்லி, கல்வாரி வரை ஒரே மூச்சில் போய்த் திரும்பி வந்தேன்.

உப்பலில் இருந்து வரும் ஆல்வின், கல்யாண வீடியோ எடுக்கிறவன், என்மேல் பரிதாபப்பட்டுக் கையைத் தூக்கினான். "அது ட்ரோன் ஷாட் ஐயா. கையை விரிக்கலேன்னா மேல இருந்து ஆளே தெரிய மாட்டான்."

இடைவேளையில் செத்தவர்

அதற்குப் பிறகு நிம்மதியாக ஒரு படம் பார்க்க முடிந்ததில்லை. திரையில் மூன்று பேர் சேர்ந்து வந்தால் திரித்துவம், எவனாவது மீன் சுட்டால் இயேசு சீஷர்களுக்கு மீன் சுட்ட திபேரியாக் கடற்கரை. என் மனைவி டிவி ரிமோட்டை ஒளித்து வைக்க ஆரம்பித்துவிட்டாள்.

ஆனால் ஹாலில் கூட்டம் கொஞ்சம் சேர்ந்தது. ஒரு வாரம், இடைவேளைக்கு முன்னால் அருவியில் விழுந்த கதாநாயகன் கடைசியில் திரும்பி வருகிற காட்சியைப் போட்டு உயிர்த்தெழுதலைப் பற்றிப் பேசினேன். விசில்கூட அடித்தார்கள். தன்ராஜ் அண்ணன் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். மூன்று தலைமுறையாக சிகந்திராபாத்தில் இருக்கிற குடும்பம், 'ஏன்' என்பதற்கு இந்த ஊர் உருதுவில் 'கைக்கு' என்பார். முடிந்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். பாராட்டப் போகிறார் என்று நினைத்துப் போனேன். சபை வீட்டைக் காப்பாற்ற நான் உபதேசத்தையே கோட்டை விட்டுக்கொண்டிருக்கிறேனோ என்ற பயம் அன்றைக்குத்தான் பிடித்தது. அவர் சொன்னது இதுதான்: "கைக்கு ஐயா இப்படிச் சொல்றீங்க? அவன் சாகவே இல்ல, மரக்கிளையைப் பிடிச்சுத் தொங்கிட்டிருந்தான். நம்ம ஆளு நிஜமா செத்தாருல்ல?"

பாடுகள்

லெந்து நோன்புக் காலம் வந்தது. தன்ராஜ் அண்ணன் சொன்ன ஈஸ்டர் நெருங்கிவிட்டது. கதாநாயகனைக் கட்டிவைத்து அடிக்கிற காட்சியைப் போட்டுவிட்டு, "இப்போது இயேசுவின் பாடுகளைத் தியானிப்போம்" என்றேன். உடனே ஆல்வின் செல்போனை எடுத்து, "எந்தப் பாட்டு ஐயா? லிரிக்ஸ் போடறேன்" என்றான். ஒரு வருஷமாக நான் பாடுகள் பாடுகள் என்று சொன்னதெல்லாம் அவர்கள் காதில் பாட்டுகளாக விழுந்திருக்கிறது.

"பாட்டு லேது," என்றாள் சிநேகா. இங்கேயே தெலுங்கில் படித்து வளர்ந்த கல்லூரிப் பெண், அதுவரை ஹாலில் வாயே திறந்ததில்லை. "பாடுன்னா கெட்டுப்போனது. ஃப்ரிட்ஜ் பாடாயிடுச்சுன்னு சொல்வோம்ல?" எல்லோரும் சிரித்தார்கள். தெலுங்கில் அப்படித்தான், தமிழில் பாடு என்றால் துன்பம் என்று நான் விளக்க ஆரம்பித்தேன். அவள் மட்டும் சிரிக்கவில்லை. "எங்க அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்து ஒரு பக்கம் பாடாயிடுச்சு ஐயா. ஜீசஸும் அப்படிப் பாடானாரா?"

விளக்குவதை விட்டேன். ஆணி அடித்த கையையும் கிழிந்த முதுகையும் நினைத்துப் பார்த்தேன். "ஆமாம்மா, பாடாகிட்டார்" என்றேன். தமிழாசிரியர் யாராவது கேட்டிருந்தால் அடித்திருப்பார். நான் ப்ரொஜெக்டரை அணைத்தேன். சிநேகா மெதுவாகச் சொன்னாள்: "அப்ப அதைச் சொல்லுங்க ஐயா. ஹீரோவை எவ்வளவு அடிச்சாலும் எழுந்து ஃபைட் பண்றான். அப்பா இன்னும் எழுந்திரிக்கல."

மூடுகிற பேச்சை இன்னொரு ஈஸ்டர் வரை தள்ளிவைத்திருக்கிறார்கள், ஆகவே ஊரில் உள்ள கதாநாயகர்களிடமெல்லாம் இயேசுவைத் தேடி அலைந்த உபதேசியார் இப்போது ஞாயிறு மத்தியானம் வாலிபர்களோடு சிநேகா வீட்டுக் கட்டிலருகே உட்கார்ந்து, ட்ரோனும் விசிலும் இல்லாமல், அதே பயத்தோடு பாடுகளை வாசித்துக்கொண்டிருக்கிறார்.