ரோஜருக்காகப் போன காடு

போன செவ்வாய்க்கிழமை எங்கள் மணி செத்துப்போனான்.

மணி யார் என்று வாராவாரம் இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும். செருப்பைத் திருடுகிறவன், தீபாவளி வெடிக்குக் கட்டிலடியில் ஒளிந்துகொள்கிறவன்... எங்கள் நாய். நாட்டு நாய்தான். செம்பட்டை நிறம், ஒரு காது மட்டும் நிமிர்ந்திருக்கும். புதிதாகப் படிக்க வந்தவர்களுக்கு இவ்வளவு போதும்.

பாம்பு கடித்துச் செத்தான். எங்கே? புதரிலா? இல்லை — எங்கள் வீட்டு போர்ட்டிகோவில், சிமெண்ட் தரையில், சங்கிலியில் கட்டியிருந்தபோது.

எனக்குப் பாம்பின் மேல் கோபமே இல்லை. யார் மேல் கோபம் என்று சொல்லத்தான் இந்த வாரம் உட்கார்ந்திருக்கிறேன். கொஞ்சம் கசக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

திருப்பூரில் நெருப்பெரிச்சல் தாண்டிப் புதிதாகப் பிரித்த சைட்டில் எங்கள் வீடு. வீடுகள் முடிகிற இடத்தில் ஒரு தார் ரோடு, ரோட்டுக்கு அந்தப் பக்கம் முள்ளுக்காடு. யாரோ வெளியூர்க்காரர் வாங்கிப் போட்டுவிட்டு மறந்துபோன நிலம். சீமைக்கருவேலும் கள்ளியும் மண்டிக் கிடந்தன. உள்ளே மயில் உண்டு, முயல் உண்டு, கீரி உண்டு. பாம்பும் உண்டு. இருக்காதா பின்னே?

நானும் மணியும் தினமும் காலையில் அந்த ரோட்டில்தான் நடப்போம். ஆனால் சில கட்டுப்பாடுகளோடு. நன்றாக விடிந்த பிறகுதான் கிளம்புவது. சங்கிலியைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றி, குட்டையாகப் பிடிப்பது. புதர் ஓரத்தை விட்டு நடு ரோட்டில் நடப்பது. மழை பெய்த மறுநாள் அந்தப் பக்கமே போகாமல் தெருவுக்குள்ளேயே ஒரு சுற்று. பொந்தைக் கண்டால் மணி மூக்கை நீட்டுவான். அதட்டினால் பாவமாக ஒரு பார்வை பார்த்துவிட்டு வந்துவிடுவான்.

"நாயக் கூட்டிட்டுப் போறியா, இல்ல கைதியவா?" என்று என் வீட்டுக்காரர் கிண்டல் பண்ணுவார். பண்ணட்டுமே. நாங்கள் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பனியன் வேலைக்காக இங்கே வந்தவர்கள். வந்த இடத்தில் ஏற்கெனவே இருக்கிறவர்களிடம் பதவிசாக நடந்துகொள்ள வேண்டும் என்பது எங்களுக்குப் பழகிய விஷயம். மயிலும் பாம்பும் எங்களுக்கு முன்னாலேயே அங்கே குடியிருந்தவை அல்லவா?

அடுத்த வீடு சென்னியப்பன் அண்ணாச்சியுடையது. சொந்தமாகப் பனியன் யூனிட், கூடவே எங்கள் குடியிருப்போர் சங்கத் தலைவர் பதவி. கெட்டவர் இல்லை. எங்கள் போர்வெல் வற்றிய கோடையில், கேட்காமலே தண்ணீர் லாரியை எங்கள் வாசலுக்கு அனுப்பியவர். அவர் வளர்ப்பது ரோஜர் என்கிற லாப்ரடார். கன்றுக்குட்டி சைஸ். "ரோஜர் கண்ணு, வா சாமி" என்று அவர் கூப்பிடும்போது கேட்கிற நமக்கே வாலாட்டத் தோன்றும்.

ரோஜருக்குச் சங்கிலி கிடையாது. கழுத்து உறுத்துமாம். அதற்குப் பதிலாக அண்ணாச்சி தன் யூனிட்டிலேயே, கையில் பிடித்து நடக்க நீளமாக ஒரு பட்டை தைக்கச் சொல்லியிருந்தார். பனியன் கழுத்துக்கு வைக்கிற ரிப் துணியை நாலாக மடித்து, ஓவர்லாக் தையல் அடித்து, ஓரத்தில் கம்பெனி லேபிளும் வைத்து... பார்க்க அம்சமாகத்தான் இருந்தது. திருப்பூர்க்காரர்கள் எதைக் கட்டுவதற்கும் வெளியே கயிறு வாங்க மாட்டார்கள். அட்டைப்பெட்டி, கேட்டு, தக்காளிச் செடி — எல்லாவற்றுக்கும் பனியன் துணிதான்.

ஆனால் ரிப் துணியின் வேலையே இழுத்தால் நீள்வதுதானே? எக்ஸ்போர்ட் கம்பெனியில் நாள் பூராவும் அதை இழுத்து இழுத்துப் பார்த்துச் சம்பளம் வாங்குகிறவள் நான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா?

"அண்ணாச்சி, இது நீளுமே... அவன் பாய்ஞ்சா எப்படிப் பிடிப்பீங்க?"

"அட, அவன் ஒண்ணும் பண்ண மாட்டானுங்க அம்மிணி. கொழந்தைங்க அவன். இது பாருங்க, கைக்கு மெத்துனு இருக்குது. எக்ஸ்போர்ட் குவாலிட்டிங்க!"

எக்ஸ்போர்ட் குவாலிட்டி என்று ஒருவர் சொல்லிவிட்டால் எங்கள் ஊரில் அதற்கு மேல் பேச்சு கிடையாது.

ஐப்பசி மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலை அது நடந்தது. நான் மணியோடு தெருவுக்குள் சுற்றிக்கொண்டிருந்தேன். அண்ணாச்சி வழக்கம்போல முள்ளுக்காட்டு ஓரமாகவே ரோஜரோடு போனார். ஒரு பெட்டை மயில் ரோட்டைக் கடந்தது. ரோஜர் பாய்ந்தான். பட்டை நீண்டது... நீண்டது... நீண்டுகொண்டே போய் அவர் கையிலிருந்து நழுவியது. மயில் பறந்துவிட்டது. ரோஜர் புதருக்குள். அடுத்து அவன் அலறல்; கேட்டு நானும் ஓடினேன்.

வெளியே வந்தவனின் மூஞ்சி பார்த்துக்கொண்டிருக்கும்போதே பலூனாக வீங்கியது. கடித்தது கண்ணாடி விரியன். அண்ணாச்சி அவனைத் தூக்கிக் காரில் போட்டுக்கொண்டு கோயம்புத்தூருக்குப் பறந்தார். அவர் அழுததை நான் பார்த்தேன். எனக்கும் அழுகை வந்தது. நாய் வளர்க்கிறவர்களுக்கு அது புரியும். டாக்டர்கள் நல்லவர்கள், ரோஜர் பிழைத்துக்கொண்டான். நிஜமாகவே சந்தோஷப்பட்டேன்.

கதை இத்தோடு முடிந்திருக்கலாம். அண்ணாச்சி ஒரு சங்கிலி வாங்கியிருந்தால் முடிந்திருக்கும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டு மொட்டை மாடியில் சங்கக் கூட்டம். டீ, பஜ்ஜி. ரோஜரும் ஓர் ஓரத்தில் படுத்திருந்தான். எல்லோரும் போய் அவன் தலையைத் தடவிவிட்டு வந்து உட்கார்ந்தார்கள். பிறகு ஆரம்பித்தது. கொசு எங்கிருந்து வருகிறது? முள்ளுக்காட்டிலிருந்து. எலி? முள்ளுக்காடு. குடிகாரர்கள் எங்கே பாட்டிலை வீசுகிறார்கள்? அங்கேதான். ஒருவருடைய பையன் கணக்கில் ஃபெயில் ஆனதை மட்டும்தான் யாரும் அந்தக் காட்டின் தலையில் கட்டவில்லை.

நான் எழுந்தேன்.

"பாம்பு ரோட்டுக்கு வந்து ரோஜரைக் கடிக்கல. ரோஜர்தான் அது இருக்கிற இடத்துக்குப் போனான். எல்லாரும் நாயைச் சங்கிலியில பிடிப்போம். ரோட்டு நடுவுல நடப்போம். மழைக்கு மறுநாள் அந்தப் பக்கம் போக வேண்டாம். இவ்வளவுதானே?"

"நாய்க்குச் சங்கிலி போட்டு இழுத்துட்டுப் போறதுங்களா? வாயில்லா சீவனுங்க, பாவமுங்க" என்றார் ஒருவர். நாலு பேர் தலையாட்டினார்கள்.

பாவம் பார்ப்பதில் கூட எங்களுக்கு ஓர் எல்லை உண்டு. அது அந்தத் தார் ரோட்டோடு முடிந்துவிடும்.

காட்டை அழித்துவிடலாமா என்று நிலத்துக்காரரிடம் அண்ணாச்சி அங்கேயே செல்போனில் கேட்டார். தன் நிலத்தை யாரோ ஓசியில் சுத்தம் பண்ணித் தந்தால் அவருக்கென்ன கசக்கவா செய்யும்? புதன்கிழமை காலை பொக்லைன் வந்துவிட்டது. வேடிக்கை பார்க்கத் தெருவே கூடியது. கருவேல மரம் ஒவ்வொன்றாகச் சாயச் சாயக் கைதட்டினார்கள்.

நடுவில் ஒரு தடவை டிரைவர் வண்டியை நிறுத்தி இறங்கினான். குனிந்து எதையோ எடுத்தான். மயில் முட்டைகள்.

"முட்டை கெடக்குதுங்க. என்னங்க பண்றது?"

யாரோ ஆம்லெட் என்றார்கள், சிரிப்பு எழுந்தது. அவன் முட்டைகளைக் கொண்டுபோய் ரோட்டோரக் கல் மேல் வைத்துவிட்டு மறுபடி வண்டியில் ஏறினான். சாயங்காலம் பார்த்தேன், காக்கை கொத்தியிருந்தது. எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. "இவங்ககிட்டப் பேசி ஆகப்போறது ஒண்ணுமில்ல, விடு" என்றார் வீட்டுக்காரர்.

காடு போன பிறகு கீரிகளைக் காணோம். பாம்புகளைத்தான் அடிக்கடி பார்த்தோம்! ஒரு வீட்டில் ஷூ ராக்கில். இன்னொரு வீட்டில் வாஷிங் மெஷினுக்கு அடியில். ஒவ்வொன்றையும் அடித்துக் கொன்றுவிட்டு, "எங்கிருந்துதான் வருதோ" என்று எல்லோரும் ஆச்சரியப்பட்டுக்கொண்டார்கள்.

செவ்வாய்க்கிழமை நாங்கள் இருவரும் வேலை முடிந்து திரும்பும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கேட் சத்தம் கேட்டதுமே மணி குதிப்பான். அன்று குதிக்கவில்லை. போர்ட்டிகோவில் சங்கிலி முழு நீளத்துக்கு விறைத்து நிற்க, அதன் முனையில் கிடந்தான். முன்னங்காலில் ரெண்டு புள்ளி. துவைக்கிற கல்லுக்கு அடியில் ஒரு விரியன் சுருண்டிருந்தது. மணி முடிந்தவரைக்கும் தள்ளிப் போகப் பார்த்திருக்கிறான். சங்கிலி விடவில்லை. நீளாத, நல்ல, கெட்டிச் சங்கிலி.

மயிலைக் கண்டால்கூட என் காலடியில் உட்காருகிறவன் அவன். ஒரு நாள் ஒரு பொழுது அந்தக் காட்டுக்குள் கால் வைத்ததில்லை. வீதியில் ஒழுங்காக நடந்த ஒரே ஒரு நாய், ஊரெல்லாம் சேர்ந்து பண்ணின காரியத்துக்குச் செத்துப்போனது. இதை எந்த மொழியில் எழுதினால் நெஞ்சு ஆறும்?

கொல்லையில் செம்பருத்தி அடியில் குழி தோண்டினோம். வீட்டுக்காரர் மண்ணைத் தள்ளினார். நான் அழுதேன். வெட்கமில்லாமல், சத்தம் போட்டு அழுதேன்.

நேற்று அண்ணாச்சி துக்கம் விசாரிக்க வந்தார். கண் கலங்கித்தான் இருந்தது, நடிப்பில்லை.

"மனசே கேக்கலீங்க அம்மிணி. என்ன அருமையான நாயுங்க." காபியைக் குடித்துவிட்டுக் கொல்லைப் பக்கம் எட்டிப் பார்த்தார். "ஏனுங்க, நான் ஒண்ணு சொன்னாத் தப்பா நெனைக்காதீங்க. ஊட்டுல இத்தனை செடி கொடி இருந்தா பூச்சி பொட்டு அண்டத்தானுங்க செய்யும். எல்லாத்தையும் எடுத்துப்போட்டு சிமெண்ட் தளம் போட்டுருங்க. நாளைக்குப் பொக்லைன் இந்தப் பக்கம் வருதுங்க. உங்க ஊட்டுக்கும் ஒருக்கா வந்துட்டுப் போகச் சொல்லட்டுங்களா?"

"அண்ணாச்சி... அந்தச் செம்பருத்திக்குக் கீழதான் மணியைப் புதைச்சிருக்கோம்."

அவர் முகம் வாடிப்போனது. அப்புறம் மெதுவாகச் சொன்னார்:

"அப்படீங்களா... அப்பக் கொஞ்சம் பார்த்துத் தோண்டச் சொல்றனுங்க."

மரியாதையில் மட்டும் எங்கள் ஊரை அடித்துக்கொள்ள ஆளே கிடையாது!