முதுகுக்காக ஜெபித்தவர்களுக்கு

எனக்காக ஜெபித்த சபையாருக்கு முதலில் நல்ல செய்தி: முதுகு பூரண சுகம். சுகமாகி வெகு காலமாகிறது. ஆனால் என்னை அழித்துக்கொண்டிருந்த வியாதி அது இல்லை. அதை முழுவதுமாகச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் சிட்னியில் ஓர் ஆஸ்பத்திரியில் நேர்ஸ். ஐம்பதைத் தாண்டியவன். இரண்டு வருடங்களுக்கு முந்தைய குளிர்காலத்தில், என்னைப் போல இரண்டு மடங்கு கனமான ஒரு நோயாளியைக் கட்டிலில் நிமிர்த்தப் போய் முதுகு பிடித்துக்கொண்டது. டாக்டர் வலி மாத்திரை எழுதித் தந்தார். அபின் வகையைச் சேர்ந்த மாத்திரை. அதை எத்தனையோ பேருக்கு என் கையால் கொடுத்து, "கவனம், பழகிப்போகும்" என்று புத்தியும் சொல்லியிருக்கிறேன்.

வலி போனது. கூடவே வேறு ஏதோ வந்தது. வார்ட்டின் நீண்ட நடைபாதை ஒரு மெதுவான ஆறாக மாறியது. நான் அதில் நடக்கவில்லை, மிதந்தேன். இயந்திரங்களின் சத்தம் எங்கோ தூரத்து மணியோசை போலக் கேட்டது. பின்நேர வெயில் யன்னல் வழியே வந்து கட்டில் விரிப்புகளில் தேன் போலத் தேங்கி நின்றது. எனக்குள் ஓயாமல் குறை சொல்லிக்கொண்டிருந்த ஒருவன் முதல் தடவையாக வாயை மூடினான்.

டாக்டர் மாத்திரையை நிறுத்தினார். நான் நிறுத்தவில்லை. வார்ட்டில் கொடுத்தது போக மீந்து, அழிப்பதற்கென்று இருந்த மருந்து என் சட்டைப் பைக்குள் போகத் தொடங்கியது. இதை அழகாகச் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை. திருட்டு.

நிறையப் புத்தகம் படித்த கோளாறு, போதைக்கு அடிமை என்றால் தாடி, கசங்கிய சட்டை, கைகூடாத காதல் என்று சில தகுதிகள் வேண்டும் என நம்பியிருந்தேன். நானோ தினமும் சவரம் செய்கிறவன். சபைப் பாடகர் குழுவில் சுருதி சேராமல் பாடுகிறவன். ஆகவே நான் அடிமை இல்லை என்று எனக்கே சான்றிதழ் கொடுத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமைகளில் செவன் ஹில்ஸில் எங்கள் வீட்டில் ஜெபக் கூட்டம் நடக்கும். முடிவில் ஒவ்வொருவரும் தங்கள் விண்ணப்பத்தைச் சொல்ல வேண்டும். ஒருவருக்கு மகனின் விசா. ஒருவருக்கு மருமகளின் கோபம். என் முறை வரும்போது நான் "முதுகு" என்பேன். மாதக்கணக்கில் அதையே சொன்னேன். மலர் அன்ரி என் முதுகில் கை வைத்துக் கண்ணீரோடு மன்றாடுவார். முதுகு சுகமானது. ஆண்டவர் கேட்டதைக் கொடுத்தார். நான் கேட்காதது என் சட்டைப் பையிலேயே இருந்தது. முதுகு சுகம் என்று சொல்லவும் எனக்குப் பயம். அடுத்த வெள்ளி எதைச் சொல்வது?

ஒரு பின்நேரம், அறுவைச் சிகிச்சை முடிந்து படுத்திருந்த ஒரு முதியவரிடம் மாத்திரைக் கிண்ணத்தை நீட்டினேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "இப்போதுதானே தந்தாய், மகனே. என்னை ஒரேயடியாகத் தூங்கவைக்கத் திட்டமா?" என்றார்.

தந்தது எனக்கு நினைவே இல்லை.

அவர் விழிப்பாக இருந்தார், பகிடி விட்டார், பிழைத்தார். பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் நான் எதைக் கொடுத்தாலும் விழுங்கியிருப்பார். அந்த நினைப்போடு மருந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். அதுவரை நான் தனிமையில் செய்த ஜெபமெல்லாம் "பிடிபடாமல் காப்பாற்றும்" என்பதுதான். அன்று வேறு மாதிரிக் கேட்டேன். ஆண்டவரே, என்னை நிறுத்தும். எனக்கு நிற்கத் தெரியவில்லை.

கதவு திறந்தது. அன்றைய பொறுப்பு நேர்ஸ் கவிதா. மதுரைப் பிள்ளை, என்னைவிட மிகவும் இளையவர். அவருக்குப் பின்னால் நடைபாதை வெளிச்சம் வெள்ளையாக விரிந்து நின்றது.

"அண்ணா, நீங்க சரியில்ல. ரொம்ப நாளாவே சரியில்ல. மருந்து அலுமாரி சாவியக் குடுங்க."

கொடுத்தேன்.

"நான் இத மேல சொல்லியே ஆகணும். என்னத் திட்டுவீங்களா?"

"இல்லைப் பிள்ளை. சொல்லுங்கோ."

அவர் அழுதார். நான் அழவில்லை. கைகளிலிருந்து பெரிய பாரம் ஒன்றை யாரோ வாங்கிக்கொண்டது போல இருந்தது. பதில் ஒளி வடிவில் வரும் என்று எதிர்பார்த்திருந்தேன். அது ரப்பர் சப்பாத்து போட்டுக்கொண்டு வந்தது.

வீட்டில் என் மனைவி வதனியிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"இஞ்சேருங்கோ, அப்ப நான் இவ்வளவு நாளும் எண்ணெய் போட்டு உருவினது எதுக்கு?"

"முதுகுக்குத்தான்."

"நல்ல முதுகு!"

எழுந்து குசினிக்குள் போனாள். வெகுநேரம் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து பக்கத்தில் இருந்தாள். "இனி எனக்கு ஒண்டையும் ஒளிக்காதேங்கோ" என்றாள். அவ்வளவுதான்.

மருந்தை விட்ட நாட்கள் தண்ணீருக்கு அடியில் நடந்தவை போல இருக்கின்றன. உடம்பு நடுங்கியது. சுவர்கள் மூச்சு விட்டன. நெற்றியில் வதனியின் கை மட்டும் கரை போல இருந்தது. கரை ஏறியதும் வந்த வெள்ளிக்கிழமை, கூட்டத்தில் உண்மையைச் சொன்னேன். முதலில் மலர் அன்ரிதான் கேட்டார்:

"அப்ப முதுகு?"

"சுகம் அன்ரி."

"சரி, அது முடிஞ்சுது. இனி இதுக்குப் பிடிச்சு ஜெபிப்பம்."

தவராசா அங்கிள் மட்டும் கவலைப்பட்டார். "தம்பி, எங்கடை சனம் இதை நாளைக்கே மெல்பேர்ன், வெரிபீ எண்டு கொண்டுபோய்ச் சேர்க்கும்."

"சேர்க்கட்டும் அங்கிள். அங்கையும் ஆரும் ஜெபிப்பினம்."

என் நேர்ஸ் பதிவு பறிபோகும் என்றுதான் நினைத்தேன். நேர்ஸ் வேலையைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியாது. பல மாதங்கள் வீட்டில் இருந்தேன். நீங்கள் விடாமல் ஜெபித்தீர்கள். கடைசியில், கண்காணிப்புத் திட்டத்தின் கீழ் வேலைக்குத் திரும்பலாம் என்று பதில் வந்தது. அன்று கவிதாவிடம் கொடுத்த மருந்து அலுமாரித் திறப்பைத் தொடக் கூடாது. மேலதிகாரி என்னைப் பற்றி அறிக்கை அனுப்புவார். எந்த நாளிலும் சிறுநீர்ச் சோதனைக்கு அழைப்பு வரலாம். காலை ஜெபம் முடிந்ததும் நானும் வதனியும் கைத்தொலைபேசியைப் பார்ப்போம்.

"இண்டைக்குக் கூப்பிட்டிட்டாங்களோ?"

"ஓம்."

"அப்ப தண்ணியைக் குடியுங்கோ."

சிறுநீர் கொடுக்கும்போது ஒருவர் பக்கத்தில் நின்று பார்ப்பார். மிக மரியாதையான மனிதர், காலநிலை பற்றிப் பேசுவார். என் வாழ்க்கையின் மிக உருக்கமான ஜெபங்களில் சில அந்தச் சிறிய அறையில் ஏறெடுக்கப்பட்டவை. ஆரம்பத்தில் அது அவமானமாக இருந்தது. இன்று சொல்கிறேன், என்னை நிறுத்தும் என்று நான் கேட்டதற்கு ஆண்டவர் தொடர்ந்து கொடுத்துவரும் பதில் அது.

போன கிழமை வார்ட்டில் ஒரு பெண் வலியில் துடித்தார். கவிதாவைக் கூப்பிட்டேன்.

"பத்து நிமிஷம் ஆகும்ணா. இங்க ஒருத்தர் கீழ விழுந்துட்டார்."

"சரி, நான் இதிலை இருக்கிறன்."

முன்பெல்லாம் மாத்திரையைக் கொடுத்துவிட்டு அடுத்த கட்டிலுக்கு ஓடிவிடுவேன். இப்போது கொடுக்க என்னிடம் ஒன்றுமில்லை. ஒரு கதிரையை இழுத்துப்போட்டு இருந்தேன். அவர் என் கையை இறுக்கிப் பிடித்தார். வெளியே ஜக்கரண்டா மரத்திலிருந்து ஊதாப் பூக்கள், அவசரமே தெரியாதவை போல, ஒவ்வொன்றாக இறங்கிக்கொண்டிருந்தன. இருவரும் அதைப் பார்த்தோம். கவிதா மருந்தோடு வந்தபோது, "இவர் போகாமல் இருந்தார்" என்று அந்தப் பெண் அவரிடம் சொன்னார். முப்பது வருட வேலையில் என்னைப் பற்றி யாரும் அவ்வளவு பெரிதாக எதுவும் சொன்னதில்லை.

தேவனுக்கு நன்றி. உங்களுக்கும் நன்றி. இதை வாசிக்கிறவர்களில் யாருக்காவது வெளியே சொல்ல முடியாத ஒன்று இருந்தால், வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டுக்கு வாருங்கள். அதை அதன் பெயராலேயே சொல்லிக் கேளுங்கள். ஆண்டவர் கேட்கிறார், நான் சாட்சி. சொல்ல வாய் வராவிட்டால் சும்மா இருங்கள். உங்களுக்குப் பக்கத்தில் ஒரு கதிரையை இழுத்துப்போட்டு நானும் இருப்பேன்.