ஸ்பானிய வாளும் ஓர் உருண்டை புளியும்

பழம்பொருள் கடையில் அழுக்குக்குத்தான் விலை. கடையில் நின்று நின்றே கால் வீங்கும் சக ஜீவன்களே, இது எனக்கு எப்படித் தெரிய வந்தது என்று கேளுங்கள்.

குத்துவிளக்குப் பழக்கம்

வெளிநாடு வந்து, ஒனிஹங்கா என்ற ஊரில் பழம்பொருள் கடை வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், முதலாளியம்மா கரேன் ஒரு வாளைக் கொடுத்துத் தூசி தட்டச் சொன்னாள். மெக்சிகோ ஸ்பெயினின் கையில் இருந்த காலத்துக் குதிரைக்காரன் வாள். எஸ்பாடா ஆஞ்சா என்று பெயர். அகல வாள் என்று அர்த்தம். குட்டையான, பட்டையான அலகு. பிடித்த கையைக் காக்கச் சிப்பி வடிவில் ஒரு பித்தளைத் தகடு.

அந்தத் தகடு கன்னங்கரேலென்று இருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. மறுநாள் வீட்டிலிருந்து புளி கொண்டுபோய், குத்துவிளக்கு மாதிரித் தேய்த்தேன். தங்கமாய் மின்னியது. பெருமையாகக் காட்டினேன். கரேன் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "இருநூறு வருஷக் கறுப்பு அது. முதல்ல இதை வித்துக் காட்டு. உன் விசா பேப்பர்ல கையெழுத்துப் போடுறதை அப்புறம் பார்க்கலாம்."

முள்செடி

விசா முடிய ஆறு வாரம் இருந்தது. வாசலையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

முதலில் வந்தவர் தகனினியிலிருந்து ஒரு யாழ்ப்பாணத்து அண்ணன். புது வீட்டுச் சுவரில் மாட்ட ஏதாவது வேண்டுமாம். "உது எத்தினை பேரை வெட்டினது, தங்கச்சி?" என்று ஆசையாகக் கேட்டார். பொய் சொல்ல நாக்கு துடித்தது. சொல்லவில்லை. "ஆளைவிட முள்செடியைத்தான் நிறைய வெட்டுச்சுண்ணே, குதிரைக்கு வழி பண்ண" என்றேன். அவர் முகம் தொங்கிவிட்டது. "உதுக்கு என்ரை வீட்டுக் கத்தியே காணுமே. நேற்றும் வேலிச் செடி வெட்டினனான்" என்று வெறுங்கையோடு கிளம்பிவிட்டார்.

கராஜும் ஹாலும்

நாலாவது வாரம் மனுகாவிலிருந்து வாள் சேகரிக்கும் ஒருவர் மனைவியோடு வந்தார். அலகில் நீளவாக்கில் ஓடும் பள்ளத்தை விரலால் தடவிக்கொண்டே போனார். நுனிக்கு முன்பே முடிய வேண்டிய பள்ளம், நுனியோடு சேர்ந்து வெட்டுப்பட்டிருந்தது. "நீள வாள் ஒடிஞ்சிருக்கு. மிச்சத்தைக் குட்டையாக்கித் திரும்பத் தீட்டியிருக்காங்க" என்று பூரித்தார். பிறகு தகட்டைப் பார்த்தார். "இந்த அநியாயத்தைப் பண்ணது யாரு?"

கரேன் என்னைப் பார்த்தாள். "நான்தான். புளி போட்டுத் தேய்ச்சேன்" என்றேன். அவர் வாளைக் கீழே வைத்துவிட்டார். என் விசாவையும் சேர்த்து வைத்த மாதிரி இருந்தது. அவர் மனைவி வாளைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அவரிடம் சொன்னாள். "நீ வாங்கின பதினோரு வாளும் கறுத்துப்போய் கராஜ்ல கிடக்கு. ஹால்ல மாட்ட நான் சம்மதிக்கிற முதல் வாள் இதுதான்."

வாளும் போயிற்று, விசா பேப்பரில் கையெழுத்தும் விழுந்தது. ஆனால் என் சாப்பாட்டு டப்பாவை மட்டும் கரேன் இன்றைக்கும் திறந்து பார்த்துவிட்டுத்தான் கடைக்குள் விடுகிறாள்.