பங்காளி வீட்டுச் சாவும் பருப்பில் உப்பும்

பெங்களூரில் நேபாளிச் சாப்பாட்டுக் கடை நடத்தும் சாபித்ரா, தீர்த்தராஜின் பெயரை முதன்முதலில் கேட்டது ஒரு கட்டட வேலைக்காரன் வாயால்தான். "அவன் வைக்கிற பருப்புக்கு இந்தப் பக்கத்துல ஈடு கிடையாதுக்கா" என்றான். அன்றே ஆளை வரவழைத்து அடுப்படியை ஒப்படைத்தாள்.

நேபாளத்தின் தைலேக் மலையில் அவனுடைய பங்காளிகள் மட்டும் அறுபது வீடு என்பது பிறகுதான் தெரிந்தது. எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் இங்கே அவனுக்கும் பதின்மூன்று நாள் தீட்டு. உப்பு நாக்கில் படக்கூடாது. சாபித்ரா சந்தைக்குப் போய்விடுவதால் ருசி பார்த்துச் சொல்லவும் ஆளில்லை. அந்த நாட்களில் பருப்பு ஒருநாள் சப்பென்று இருந்தது, மறுநாள் கரித்தது.

அந்த வருஷத்தின் மூன்றாவது சாவுச் செய்தி வந்தபோது, கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த அவனுடைய கூட்டாளிகள் சிரித்தார்கள். "உங்க ஊருக்கு ஒரு நல்ல வைத்தியரை அனுப்புடா. எங்க நாக்கு பிழைக்கும்."

சாபித்ரா சிரிக்கவில்லை. "ஒரு சொட்டு நக்கிப் பாரு தம்பி. யாரு போய்ச் சொல்லப் போறா? இப்படியே போனா நான் வேற ஆளத்தான் வைக்கணும்."

"இந்தச் சிரிக்கிறவனுங்க பாதிப் பேரு எங்க மலைக்காரனுங்கதான் அக்கா. சாயங்காலமே போன் போயிடும். அங்க அம்மா தனியா இருக்கு. நான் தீட்டு காக்கலைன்னா, நாளைக்கு அதைத் தூக்க நாலு பேரு வரமாட்டாங்க."

"அப்போ ஊரோட போய் இருந்துடேன்."

"போயிட்டா சம்பளம் ஏது? அம்மாவுக்கு யாரு சோறு போடுறது?"

அந்த வாரமே அடுப்புக்கு வேறொருவன் வந்தான். தீர்த்தராஜ் இப்போது அதே கடையின் பின்பக்கம் பாதிச் சம்பளத்துக்குப் பாத்திரம் கழுவுகிறான்.