உப்பு எங்கே போகும்?

எங்கள் தொட்டியின் உடைந்த பூச்சட்டியில் கோமாளி மீன்கள் முட்டையிட்டதைக் கண்டதுமே, குஞ்சுகளை நானே வளர்ப்பதென்று முடிவெடுத்தேன். பொரித்தவற்றைத் தனித்தொட்டிக்கு மாற்றினேன். புத்தளத்து வெயிலில் நீர் வற்ற வற்ற, கடலை ஒட்டிய களப்பு நீரை அள்ளிவந்து நிரப்பினேன். கடல் மீனுக்கு உப்புநீர்தானே வேண்டும்! பத்தாம் நாள் ஒன்றுகூட உயிரோடு இல்லை.

உப்பளத்தில் வேலைசெய்யும் என் மூத்த சகோதரி, ராத்தா, தொட்டி நீரை நாக்கில் வைத்ததும் துப்பினார்.

“தண்ணி காயும், உப்பு எங்கடா போகும்? நாங்க பாத்தியில செய்யிறத நீ தொட்டியில செஞ்சிரிக்கிறாய்.”

“ஓம் ராத்தா.”

ஆவியாதலைப் பற்றிப் பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியவன் நான். ராத்தா உப்பு வாரித்தான் என்னைப் படிக்க வைத்தார்.

மீன் சோடி முட்டையிட மறுபடியும் பூச்சட்டியைத் துப்புரவாக்குகிறது. பார்க்கவே பயமாக இருக்கிறது. குஞ்சுகள் பிழைக்குமென்ற நம்பிக்கை எனக்கில்லை. ஆனாலும் இம்முறை வற்றிய அளவுக்கு மழைநீரைத்தான் ஊற்றுவேன், ராத்தா தொட்டி நீரை நாக்கில் வைத்துப் பார்த்த பிறகு.