மொஸ்கோவுக்கு அடுத்த ஊர்

அந்தக் கப்பற் பயணத்துக்கு நான் போனதே நித்திரை கொள்ளத்தான். மொன்றியலுக்கு வந்த காலத்திலிருந்து ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகள் தோய்க்கும் இடத்தில் எனக்கு வேலை. நாள் முழுக்க நின்றபடியே செய்ய வேண்டும். அது முடிந்தால் செயின்ட்-மிஷேலில் ஒரு பேக்கரியில் மிச்ச வேலை. முழங்கால் இரண்டும் என் பேச்சைக் கேட்காமல் விட்டு நாலைந்து வருடமாகிவிட்டது. எங்கள் கல்யாணத்துக்கு இருபத்தைந்து வருடம் முடிந்தபோது மகள், "அப்பா, நீங்கள் லீவெடுத்து ஒரு வக்கான்ஸும் போனதில்லை" என்று சொல்லி, எங்கள் இருவருக்கும் ரஷ்யாவில் பன்னிரண்டு நாள் ஆற்றுக் கப்பலில் இடம் பிடித்துவிட்டாள்.

ரஷ்யாவைத் தெரிந்தெடுத்தவள் மனைவி. அவள் வேலை செய்கிற, ரொக்ஸ்பரோவில் உள்ள முதியோர் இல்லத்தில் ஒரு கிழவி பொன் கும்பம் வைத்த கோயில்களின் படம் காட்டியிருக்கிறாள். இவளுக்கு அதில் பிடித்த ஆசை. சரி என்றேன். எதிர்த்துக் கதைக்கவும் உடம்பில் தெம்பு வேண்டுமே.

எனக்கு ரஷ்யா புதிது இல்லை. சண்டைக் காலத்தில் நான் அந்த வழியாகத்தான் கனடாவுக்கு வந்தேன். மொஸ்கோவில் ஒரு ஃபிளாட்டுக்குள் ஐந்து மாதம் அடைந்து கிடந்தேன். சமையலறை யன்னலால் தெரிந்த எதிர்ச் சுவரைத் தவிர அந்த நாட்டில் நான் எதையும் பார்க்கவில்லை. ஆனால் அதன் ஊர்ப் பெயர்கள் எனக்கு மனப்பாடம். அதற்குக் காரணம் என் தம்பி.

நாங்கள் இருவரும் ஒன்றாகத்தான் மன்னாரிலிருந்து வெளிக்கிட்டோம். ஆளைக் கடத்துகிற ஏஜென்சிக்காரன் எங்களைச் சுற்றுலாப் பயணிகள் ஆக்கியிருந்தான். வலை இழுத்த கையின் ஈரம் காயுமுன்னே, ரஷ்ய ஆற்றில் உல்லாசக் கப்பலில் போகிற கனவான்கள் ஆகிவிட்டோம். கொழும்பு லொட்ஜில் வைத்து ஒரு தாளைத் தந்தான். கப்பல் போகிற ஊர்கள் அதில் மேலிருந்து கீழே வரிசையாக இருந்தன. பீற்றர்ஸ்பேர்க், கீஷி, கோரிட்ஸி, யாரோஸ்லாவ், உக்லிச், மொஸ்கோ. "இமிகிரேசனில கேப்பாங்கள், பாடமாக்கி வையுங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனான்.

எங்கள் விமானம் இறங்குவது மொஸ்கோவில். ஆகவே தலையில் இருந்த பீற்றர்ஸ்பேர்க்கைக் காலுக்கும், காலில் இருந்த மொஸ்கோவைத் தலைக்கும் மாற்றினேன். நடுவில் கிடந்த நாலு ஊரையும் தொடவில்லை. என் கெட்டித்தனம் அவ்வளவுதான். தம்பியை முன்னால் இருத்தி ஞானோபதேசம் சொல்லிக் கொடுப்பதுபோல் கேள்வி கேட்டு, பதில் வாங்கினேன். முதல் நற்கருணையான புதுநன்மை எடுக்கப் பத்துக் கட்டளையைப் பாடமாக்க ஆறு மாதம் பிடித்தவன் அவன். இரண்டு நாள் விடாமல் உருப்போட வைத்தேன்.

மொஸ்கோ விமான நிலையத்தில் நான் முன்னால், அவன் பின்னால். என்னிடம் அதிகாரி ஒன்றும் பெரிதாகக் கேட்கவில்லை. முத்திரையைக் குத்தி விட்டான். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்து திரும்பிப் பார்த்தேன். தம்பியின் வாய் அசைந்தது. அதிகாரி இல்லை என்பதுபோல் தலையை ஆட்டினான். பிறகு இன்னொருவன் வந்து அவனை ஒரு கதவுக்குள் கூட்டிக்கொண்டு போனான். அன்றைக்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஃபிளாட்டுக்கு வந்த ஏஜென்சியின் ஆள், "உங்கட தம்பி ஊர்ப் பேரை மாறிச் சொல்லிப்போட்டாராம்" என்றான். எனக்கு வந்த ஆத்திரத்துக்குத் தம்பி பக்கத்தில் நின்றிருந்தால் அடித்திருப்பேன்.

கொழும்பில் இறங்கியவனைப் பிடித்து எட்டு மாதம் உள்ளே வைத்தார்கள். வெளியே வந்து மன்னாருக்கே போனான். அங்கே ஒரு ஐஸ் கொம்பனியில் வேலை, கல்யாணம், ஒரு பெண் பிள்ளை. ஞாயிறு பூசை முடிந்ததும் மூலையில் உள்ள டெப்பனர் கடையில் ஒரு டெலிபோன் கார்ட் வாங்கி அவனோடு கதைப்பது என் வழக்கம். சுற்றிவளைப்பு, சோதனை, கடற்றொழில் இல்லை என்று அவன் வாய் திறந்தால் போதும், எனக்கு அந்தப் பழைய ஆத்திரம் வந்துவிடும். "நாலு ஊரை ஒழுங்காச் சொல்லியிருந்தா நீயும் இப்ப இஞ்ச நிண்டிருப்பாய்" என்பேன். "ஓமண்ணை" என்பான். அவனிடம் மட்டுமா சொன்னேன்? புரோசார்ட்டில் பிறந்தநாள், ரொக்ஸ்பரோவில் ஞானஸ்நானம், எங்கே நாலு பேர் கூடினாலும் தம்பியின் கதையைச் சிரிப்புக் கதையாக எடுத்துவிடுவேன். சனம் விழுந்து விழுந்து சிரிக்கும்.

இந்த நினைப்போடுதான் மொஸ்கோவில் கப்பலில் ஏறினேன். ஏறியதும் படுத்தேன். அடுத்த நாள் காலை ஒலிபெருக்கியில் ஒரு பெண் ஆங்கிலத்தில் அறிவித்தாள், நாங்கள் இறங்கப்போகிற முதலாவது ஊர் உக்லிச் என்று.

"பிழையாச் சொல்லுறாள்," என்றேன் படுத்தபடியே. "முதல் கீஷி. உக்லிச் கடைசியில."

"அவைக்குத் தெரியாதோ, கப்பல் ஓட்டுறவைக்கு? பேசாமல் படுங்கோ," என்றாள் மனைவி.

எனக்குப் பொறுக்கவில்லை. இவ்வளவு காலமும் நெஞ்சில் வைத்திருந்த பாடத்தை ஒருத்தி வந்து மாற்றுவதா? சாரத்தைக் கழற்றிக் காற்சட்டையை மாட்டிக்கொண்டு வழிகாட்டிப் பெண்ணின் மேசைக்குப் போனேன். மொஸ்கோவுக்கு அடுத்தது கீஷி என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் விளங்கப்படுத்தினேன். அவள் முகம் சுளிக்கவில்லை. என்னைச் சுவரில் இருந்த வரைபடத்துக்கு முன்னால் கூட்டிக்கொண்டு போய் விரலை வைத்தாள். இது மொஸ்கோ. ஆற்றோடு இப்படிப் போனால் உக்லிச், பிறகு யாரோஸ்லாவ், பிறகு கோரிட்ஸி. கீஷி அங்கே, வடக்கே, பெரிய ஏரிக்குள். முதலில் கீஷிக்குப் போவதென்றால் கப்பல் பறக்க வேண்டும் என்று சிரித்தாள்.

நான் அந்தப் படத்துக்கு முன்னாலேயே நின்றேன். லொட்ஜில் எங்களுக்குத் தந்த தாள் பீற்றர்ஸ்பேர்க்கிலிருந்து மொஸ்கோவுக்கு வருகிற கப்பலுக்குரியது. வரிசை முழுவதையும் தலைகீழாக்கியிருக்க வேண்டும். நான் தலையையும் காலையும் மட்டும் மாற்றிவிட்டு நடுவை அப்படியே விட்டிருக்கிறேன். தம்பி ஒன்றையும் மறக்கவில்லை. நான் சொல்லிக் கொடுத்ததை ஒரு எழுத்துப் பிசகாமல் ஒப்புவித்திருக்கிறான். அவனுடைய எட்டு மாதச் சிறைக்கும், பிறகு வந்த எல்லாவற்றுக்கும் நான்தான் காரணம்.

கட்டிலில் வந்து இருந்து மனைவியிடம் சொன்னேன். "போனவுடன அவனோட கதையுங்கோ," என்றாள். "வாயால சொல்லுங்கோ. கடிதம் கிடிதம் எண்டு இழுக்காதேங்கோ."

உக்லிச்சில் இறங்கினோம். ஆற்றங்கரையில் சிவப்புச் சுவரும் நீலக் கும்பமுமாக ஒரு கோயில். பெண்கள் கைக்கடிகாரம் விற்றுக்கொண்டு நின்றார்கள். நல்ல ஊர்தான். எனக்கு ஒன்றிலும் மனம் ஒட்டவில்லை. யாரோஸ்லாவில் கோயிலுக்குள் போகாமல் வெளியில் கிடந்த ஒரு மர வாங்கில் இருந்தேன். கோரிட்ஸியிலும் அதே. கீஷியில் முழுக்க மரத்தால் கட்டிய கோயிலைப் பார்த்து எல்லாரும் வாயைப் பிளந்தார்கள். நான் கப்பலை விட்டு இறங்கவே இல்லை. களைப்பு என்று சொன்னேன். அது பொய்யும் இல்லை. வேலைக் களைப்புக்கு நித்திரை வரும். இதற்கு நித்திரையும் வரவில்லை.

மொன்றியலுக்குத் திரும்பி மூன்று ஞாயிறு போயிற்று. மூன்று முறையும் கார்ட் வாங்கினேன், நம்பரை அழுத்தினேன், அங்கே மழையோ, காய்ச்சல் சுகமோ என்று கேட்டுவிட்டு வைத்தேன். அந்தப் பழைய வசனத்தை மட்டும் சொல்லவில்லை. அதுவே பெரிய காரியம் என்று என்னை நானே ஏய்த்துக்கொண்டேன். மனைவி ஒவ்வொரு முறையும் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சமைக்கக் குசினிக்குள் போய்விடுவாள். நாலாவது ஞாயிறு அவளே நம்பரை அழுத்தி, தம்பி எடுத்ததும் ரிசீவரை என் கையில் திணித்தாள்.

"தம்பி, அந்த ஊர்ப் பேருகள் இருக்கெல்லே," என்றேன். "நீ மாறிச் சொல்லேல்லை. நான்தான் உனக்குப் பிழையாச் சொல்லித் தந்தனான். அங்க போய்ப் பாத்தாப்போலதான் எனக்குத் தெரிஞ்சது."

ரிசீவரை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"எனக்குத் தெரியும் அண்ணை," என்றான்.

"என்னடா தெரியும்?"

"உள்ளுக்குக் கூட்டிக்கொண்டு போய் அந்த ஒபிசர் மேப்பை விரிச்சுக் காட்டினவன். நான் சொன்ன ஊர் எங்கயோ மேல கிடந்தது. அப்பவே விளங்கிட்டுது."

"பேந்து ஏனடா இவ்வளவு காலமும் சொல்லேல்லை?"

"என்னெண்டு சொல்லுறது? நீங்கள் அங்க ஒரு அறைக்குள்ள தனியக் கிடந்தனீங்கள். முதல் கடிதத்தில எழுதுவம் எண்டு பாத்தன், மனம் வரேல்லை. பேந்து நீங்கள் எல்லாருக்கும் அதைச் சொல்லத் தொடங்கிட்டீங்கள். அதுக்குப் பிறகு நான் வாய் திறந்தா உங்களுக்குத்தானே வெக்கம்."

"பெரிய பிழை விட்டிட்டன், மன்னிச்சுக்கொள்ளடா," என்றேன். அதைச் சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டேன். மனைவி குசினி வாசலில் நின்றாள். கிட்ட வரவில்லை.

"அதை விடுங்கோ," என்றான். பிறகு குரலைத் தாழ்த்தினான். "அண்ணை, ஒண்டு கேக்கட்டோ?"

"கேள்."

"மகள் இப்ப வளந்திட்டாள். நீங்கள் போன் எடுத்தா ஸ்பீக்கரில போடச் சொல்லிப் பக்கத்தில இருந்து கேக்கிறவள். அப்பான்ர மறதியாலதான் நாங்கள் கனடாவில இல்லையெண்டு பள்ளிக்கூடத்திலயும் சொல்லியிருக்கிறாள். அவளை இப்பக் கூப்பிடுறன். இதை நீங்கள் அவளுக்கும் ஒருக்காச் சொல்லுவீங்களோ?"