சித்தியின் பெயரில் ஏறிய புள்ளிகள்

கிற்றார் சுரங்களின் பெயர்களைச் சொல்லச் சொன்னால் எனக்கு இன்றைக்கும் நாக்குத் தடுமாறும். நிறங்கள்தான் முதலில் ஞாபகத்துக்கு வரும். தடித்த தந்தி சிவப்பு, அடுத்தது மஞ்சள், பிறகு நீலம், செம்மஞ்சள், பச்சை, ஊதா. கோயில் பாடகர் குழுவில் கூட வாசிப்பவர்கள் ஒரு சுரத்தின் பெயரைச் சொன்னால், அதை "நீலம், இரண்டாங் கட்டை" என்று மனத்துக்குள் மாற்றிக்கொண்டுதான் விரலை வைக்கிறேன். கணினி விளையாட்டில் கிற்றார் பழகினால் இப்படித்தான் ஆகும். நான் பழகியது இன்னொருவருடைய பெயரில் என்பது வேறு கதை.

அப்போது எனக்குப் பதினொரு வயது. ஊர்காவற்றுறையில் அப்பா, அம்மா, சித்தி, நான் என்று நாலு பேர் ஒரு வீட்டில் இருந்தோம். அப்பாவுக்குக் கடற்றொழில். சித்தி அம்மாவின் தங்கை. இடப்பெயர்வுகளுக்கு நடுவில் அவருடைய படிப்பு பாதியில் நின்றுவிட்டது. முப்பத்தொரு வயதாகியும் கலியாணம் ஆகவில்லை. இரண்டு சம்பந்தங்கள் வந்து, பலகாரம் சாப்பிட்டு, போய்விட்டன. சித்தி நண்டு கொம்பனியில் வேலை செய்தார். அவித்த நண்டின் ஓட்டை உடைத்து, சதையைப் பிய்த்து, துண்டு ஓடுகூடக் கலக்காமல் எடுத்துக் கொடுக்க வேண்டும். பின்னேரம் வேலை முடிந்து வரும்போது அவருடைய விரல்கள் எல்லாம் கீறலாக இருக்கும்.

மூன்றாவதாக வந்த சம்பந்தம் கனடாவில் இருந்தது. மாப்பிள்ளை மண்டைதீவில் பிறந்து, நாலு வயதில் தாயோடு புறப்பட்டுப் போனவர். சித்தி கொம்பனிக் கந்தோரில் மேசை வேலை செய்வதாக அவர்களுக்குச் சொல்லப்பட்டது. கொம்பனி உண்மை. கந்தோர் அம்மா சேர்த்தது.

சனி, ஞாயிறு காலைகளில் மாப்பிள்ளை வீடியோவில் கதைப்பார். அதற்கு முன்பு சித்தி தேசிக்காய்ப் பாதியால் கைகளை அரக்கு அரக்கென்று தேய்ப்பார். கனடாவுக்கு நண்டு மணம் போகாது என்று நான் ஒருநாள் சொன்னதற்கு அம்மாவிடம் குட்டு வாங்கினேன்.

நிச்சயமாகி இரண்டு மாதத்தில், விடுமுறைக்கு ஊருக்கு வந்த ஒருவரிடம் மாப்பிள்ளை ஒரு நீளப் பெட்டி கொடுத்தனுப்பியிருந்தார். உள்ளே கறுப்பு நிறத்தில் ஒரு மின்சாரக் கிற்றார், ஒரு வயர், ஒரு லப்டொப். அப்பா கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தார்.

"கரண்டிலை ஓடுற சாமான் போலை. ஈரக் கையோடை ஒருத்தரும் தொட்டிடாதேங்கோ" என்றார்.

அது கிற்றார் பழக்குகிற ஒரு விளையாட்டு. வயரின் ஒரு முனையைக் கிற்றாரிலும் மற்ற முனையை லப்டொப்பிலும் செருக வேண்டும். திரையில் ஒரு நீளமான பாதை தெரியும். தூரத்திலிருந்து நிறக் கட்டிகள் எங்களை நோக்கி ஓடி வரும். கட்டி முன்னுக்கு வந்து சேர்கிற கணத்தில் அந்த நிறத் தந்தியை, கிற்றார்க் கழுத்தில், கட்டியில் எழுதியிருக்கிற இலக்கத்துக்கான கட்டையில் அழுத்தி மீட்ட வேண்டும். சரியென்றால் வெளிச்சம் அடித்துப் புள்ளி ஏறும். பிழையென்றால் அது கோபிக்காது. அடுத்த கட்டிகளைக் குறைத்து, மெல்ல அனுப்பும். என் பள்ளிக்கூடத்தில் அவ்வளவு பொறுமையான ஆசிரியரை நான் கண்டதில்லை.

மாப்பிள்ளை அங்கே கூட்டாளிகளோடு சேர்ந்து கிற்றார் வாசிப்பவராம். "நீங்களும் பழகினால் ரெண்டு பேருமாச் சேர்ந்து வாசிக்கலாம்" என்று அவர் சொன்னபோது சித்தியின் முகம் சிவந்ததை நான் பார்த்தேன். விளையாட்டில் சித்தியின் பெயரை அவரே பதிந்து அனுப்பியிருந்தார். இங்கே ஏறுகிற ஒவ்வொரு புள்ளியும் அங்கே அவருக்குத் தெரியும்.

சித்தி மூன்று நாள் வாசித்தார். கம்பித் தந்தி, கீறல் விழுந்த விரல். நாலாம் நாள் புண் வெடித்து ஊதாத் தந்தியில் இரத்தம் பட்டது. கிற்றாரைக் கட்டிலில் வைத்துவிட்டு விரல்களை ஊதிக்கொண்டிருந்தார்.

"நான் ஒருக்கா அடிச்சுப் பாக்கட்டே சித்தி?" என்று கேட்டேன்.

அவர் தலையை ஆட்டினார். அந்த ஒருக்கா மூன்று மணித்தியாலம் நீண்டது.

சனிக்கிழமை மாப்பிள்ளை அழைத்தார். "கெட்டிக்காரி! ஒரு கிழமையிலை இவ்வளவு புள்ளியோ? நான் பழகேக்கை ஒரு மாசம் எடுத்தது" என்றார். உண்மையைச் சொல்லத்தான் சித்தி வாயைத் திறந்தார். போனுக்குப் பின்னால் நின்ற அம்மா தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். சித்தி திறந்த வாயால் சிரித்தார்.

அன்றைக்கே அம்மா என்னைக் குசினி அடுப்படிக்குக் கூப்பிட்டார். "இனி நீதான் ஒவ்வொரு நாளும் வாசிக்க வேணும். ஒருத்தருக்கும் மூச்சு விடப்படாது. இதுவும் குழம்பினால் சித்தி இப்பிடியே இருந்திடுவா. விளங்குதோ?"

எனக்கு நன்றாகவே விளங்கியது. ஒரு கலியாணம் என் இடதுகையின் நாலு விரல்களில் நிற்கிறது என்று விளங்கியது. பதினொரு வயதில் அதைவிடப் பெரிய உத்தியோகம் ஒருவருக்குக் கிடைக்குமா!

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் உடுப்பு மாற்றாமலே உட்காருவேன். கிற்றார் என்னைவிடப் பெரியது. அதன் கழுத்தைக் கட்டில் விளிம்பில் சாத்தி வைத்தால்தான் கை எட்டும். இன்ரநெற் கிடைப்பதற்காக டொங்கிளை ஒரு நீள வயரில் கொளுவி, காரைநகர்ப் பக்கத்து யன்னலில் தொங்கவிட்டிருந்தோம். காற்று அடித்தால் அது ஆடும். அது ஆடினால் கனடாவுக்குப் புள்ளி போகாது என்று பயந்து, அம்மா ஒரு துணிக் கவ்வியால் அதை யன்னல் கம்பியோடு சேர்த்துக் கவ்விவிட்டார். விரல் நுனிகள் முதலில் எரிந்தன. பிறகு கொப்பளித்தன. பிறகு காய்த்துப் போய், சுடு தேத்தண்ணிக் கோப்பையை வெறும் கையால் பிடிக்கிற அளவுக்கு வந்தன. ஒருநாள் கட்டிகளைப் பார்க்காமலே விரல் தானாக அடுத்த இடத்துக்குப் போனது. திடுக்கிட்டு நிறுத்திவிட்டேன். எனக்குள் வேறு யாரோ வாசிப்பது போல இருந்தது.

பிறகு மாப்பிள்ளை, வாசிப்பதைக் காட்டச் சொன்னார். அம்மா அதற்கும் வழி கண்டுபிடித்தார். போனை அலுமாரித் தட்டில் உயர வைத்தோம். அதில் சித்தியின் முகமும் தோளும் மட்டும் தெரியும். சித்தி கதிரையில் இருந்து தோளை ஆட்டினார். நான் அவருடைய காலடியில் நிலத்தில் இருந்து வாசித்தேன். எல்லாம் நன்றாகத்தான் போனது. பாட்டு முடிகிற இடத்தில் எனக்குத் தும்மல் வந்துவிட்டது. போனில் தெரிந்த சித்தியின் வாயோ மூடியபடி இருந்தது.

"அது... பூனை" என்றார் சித்தி.

"பூனைக்குத் தடிமன் போலை. கொத்தமல்லி அவிச்சுக் குடுங்கோ" என்றார் மாப்பிள்ளை.

தப்பிவிட்டோம் என்று அம்மா நெஞ்சில் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார்.

ஆவணியில் மாப்பிள்ளையும் தாயும் வந்து இறங்கினார்கள். கோயிலில் கலியாண அறிவித்தல் ஓலை மூன்றில் இரண்டு வாசித்தாகிவிட்டது. கலியாணத்துக்கு இன்னும் இரண்டு கிழமை. ஒரு பின்னேரம் அவர்கள் எங்கள் வீட்டுக்கு வருவதாகச் சொன்னார்கள். அன்று மத்தியானம் நான் கிற்றார் வயரைக் கழற்றி அரிசி வாளிக்குள் புதைத்தேன். வயர் இல்லாமல் அந்தக் கிற்றார் கொசு கத்துவது போலத்தான் கத்தும். வயர் பழுதென்று சொல்லலாம். நான் சொன்னதைக் கேட்டு அம்மா முதல்தடவையாக என்னைக் கெட்டிக்காரி என்றார்.

வந்தார்கள். தாய் எங்கள் ஒரேயொரு நல்ல கதிரையில் இருந்தார். வெள்ளை முடி, ஒடுக்கமான கண்கள், அதிகம் கதைக்காதவர். மாப்பிள்ளை எல்லாருக்கும் சொக்கிளேற் கொடுத்தார். எனக்குத் தரும்போது என் இடதுகையைப் பிடித்து விரல் நுனிகளைத் தடவிப் பார்த்தார்.

தேத்தண்ணி வந்தது. கிற்றாரைப் பற்றிய கதையும் வந்தது.

"அதின்ரை வயர் பழுதாப் போச்சு தம்பி" என்றார் அம்மா, கேட்பதற்கு முன்பே.

"பரவாயில்லை அக்கா. நான் புது வயர் ஒண்டு கொண்டந்தனான்" என்று பையிலிருந்து எடுத்தார். எங்களுடையதைவிட நீளமானது.

எல்லாரும் சித்தியைப் பார்த்தார்கள். மயங்கி விழுவதா, வீட்டுக்கு நெருப்பு வைப்பதா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது சித்தி எழும்பி நின்றார்.

"நான் வாசிக்கேல்லை. மூண்டு நாள்தான் வாசிச்சனான். மிச்சமெல்லாம் இவள்."

மாப்பிள்ளை சிரித்தார். "எனக்குத் தெரியும். நீங்கள் என்னோடை கதைச்சுக்கொண்டிருக்கேக்கையே உங்கடை பேரிலை புள்ளி ஏறிக்கொண்டிருக்கும். பள்ளிக்கூட நேரத்திலை மட்டும் ஏறாது. பிறகு அந்தப் பூனை."

அப்பா முதலில் சிரித்தார். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். கனடாத் தாயின் உதடுகூடக் கொஞ்சம் விரிந்தது. என் நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியது. சித்தி மட்டும் திரும்ப உட்காரவில்லை. நின்றபடியே நின்றார்.

"இன்னுமொண்டு இருக்கு" என்றார். "நான் கந்தோரிலை வேலை செய்யேல்லை. நண்டு உடைக்கிறனான். ஆறு வருசம்."

தாய் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். மாப்பிள்ளையின் சிரிப்பு நின்றது. இது அவருக்குத் தெரியாது என்பது முகத்தைப் பார்க்கவே தெரிந்தது. சித்தி இரண்டு கைகளையும் சேலைத் தலைப்புக்குள் ஒளிக்காமல் முன்னால் விட்டுக்கொண்டு நின்றார். மாப்பிள்ளை அந்தக் கைகளைக் கனநேரம் பார்த்தார்.

"இந்தக் கையோடையோ கம்பியை அழுத்தச் சொன்னனான்?" என்று மெல்லக் கேட்டார். "முதலே சொல்லியிருந்தால் கேட்டிருக்க மாட்டன்."

"ஓம். சொல்லியிருக்க வேணும்" என்றார் சித்தி.

பொழுது படமுன்னம் போகவேண்டும் என்று தாய் எழும்பினார். வாசலில் அவர் சித்தியையும் அம்மாவையும் கடந்துபோய் வானில் ஏறினார். வான் போனதும் அம்மா அறைக்குள் போய்ச் சத்தமாக அழத் தொடங்கினார். அப்பா வலையைத் தேடிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பூசையில் மூன்றாவது ஓலையும் வாசிக்கப்பட்டது. கலியாணம் குறித்த நாளில் நடந்தது. சித்தி இப்போது கனடாவில் இரண்டு பிள்ளைகளின் தாய். ஆனால் அன்று பின்னேரம் இதில் ஒன்றும் யாருக்கும் தெரியாது. கலியாணம் முறிந்துவிட்டது என்றுதான் நாங்கள் எல்லாரும் நினைத்தோம்.

எனக்கோ ஆத்திரம். எட்டு மாதம் விரல் காய்க்க வாசித்திருக்கிறேன். புது வயர் வந்தும் ஒருவரும் என்னை ஒரு பாட்டு வாசி என்று கேட்கவில்லை. கிற்றார்ப் பொய்யை அவர் சிரித்துக்கொண்டே மன்னித்துவிட்டார். அதோடு வாயை மூடியிருக்கலாம். கேட்காத கேள்விக்கு யாராவது பதில் சொல்வார்களா? சித்தியைத் தேடிக்கொண்டு குசினிக்குப் போனேன்.

சித்தி நிலத்தில் சப்பாணி கட்டி இருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மத்தியானச் சோறும் ஆறிப்போன மீன்குழம்பும். பெரிய பெரிய கவளமாக, கடற்கரையிலிருந்து வந்த ஆம்பிளையைப் போல.

"ஏன் சித்தி சொன்னனீங்கள்? அவருக்குத் தெரியவே வந்திராதே!"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். வாயில் சோறு. "அந்தச் சட்டியிலை மிச்சம் இருக்கோ பார்" என்றார்.

அறையிலிருந்து அம்மா அழுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நான் சட்டியை வழித்து, இன்னும் இரண்டு அகப்பை சோறு போட்டேன். சித்தி அதையும் சாப்பிட்டு, விரல்களை ஒவ்வொன்றாகச் சூப்பினார். பாவம், விருந்தாட்கள் வருகிற பரபரப்பில் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை, பசிதான் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.